சைக்கிள் மெக்கானிக்குக்குச் சான்றிதழ் தேவையா? எந்தப் பயிற்சி, எந்த அங்கீகாரம்?

கேள்வி இதுதான்: ஐந்து ஆண்டுகளாகத் தம்முடைய சைக்கிள்களையும் நண்பர்களின் சைக்கிள்களையும் தாமே பழுதுபார்த்து வரும் ஒருவர், கடந்த ஓராண்டாக ஒரு கடையில் பகுதிநேரமாகவும் வேலை செய்கிறார். இதையே முழுநேரத் தொழிலாக்கிக்கொள்ள விரும்பும் அவர், முறையான பயிற்சியும் சான்றிதழும் உண்மையிலேயே தேவைதானா, தேவையென்றால் எதைத் தேர்ந்தெடுப்பது, இணையவழிப் பாடம் மட்டும் போதாதா என்று கேட்டிருக்கிறார்.

பெரும்பாலான நாடுகளில் சட்டம் இதைக் கேட்பதில்லை. ஸ்பானர் பிடிக்கத் தெரிந்த எவரும் கடை திறந்து, வருகிறவரின் பிரேக்கைப் பிரித்து மாட்டலாம். மின்கம்பி இழுப்பவருக்கும் எரிவாயுக் குழாய் பொருத்துபவருக்கும் உரிமம் கேட்கிற நாடுகள்கூட, மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் மலைச்சரிவில் இறங்கப்போகிற ஒரு வண்டியின் பிரேக்கைத் தொடுபவரை எதுவும் கேட்பதில்லை. ஆகவே சட்டத்தை வைத்துப் பார்த்தால் உங்களுக்குச் சான்றிதழ் வேண்டியதில்லை. தொழிலை வைத்துப் பார்த்தால் வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் எல்லாச் சான்றிதழும் ஒன்றல்ல. ஒரு சான்றிதழை என்னிடம் நீட்டினால் நான் முதலில் கேட்பது, அதைக் கொடுப்பதற்கு முன் உங்களை யார், எந்த வண்டியை வைத்து, எப்படிச் சோதித்தார்கள் என்பதைத்தான்.

இந்தத் துறையில் “சான்றிதழ்” என்ற ஒரே சொல் நான்கு வேறு பொருள்களுக்குப் பயன்படுகிறது என்பதால் அதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. ஒரு பாடத்தில் உட்கார்ந்து முடித்தீர்கள் என்று கொடுக்கப்படும் தாள் வெறும் வருகைச் சான்று. பாதி நேரம் தூங்கியவருக்கும் அது கிடைக்கும். எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் வைத்து, தேறாதவரைத் திருப்பி அனுப்பிய பின் கொடுக்கப்படுவது தகுதிச் சான்றிதழ். உதிரிபாகத் தயாரிப்பாளர் தன் பொருளைக் கையாளக் கற்றுக்கொடுத்துத் தருவது தயாரிப்பாளர் சான்று. அது அந்த நிறுவனத்தின் பொருளோடு முடிந்துவிடும். நான்காவதான அங்கீகாரம் என்பது உங்களுக்கே வழங்கப்படுவதன்று. உங்களைச் சோதிக்கும் அமைப்பு ஒழுங்காகச் சோதிக்கிறதா என்று இன்னொரு வெளியமைப்பு சரிபார்த்துச் சொல்வதே அங்கீகாரம். ஆட்களுக்குச் சான்று வழங்கும் அமைப்புகள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு ஐ.எஸ்.ஓ./ஐ.இ.சி. 17024 என்ற பன்னாட்டுத் தரநிலை உண்டு. பயிற்சி கொடுப்பவரே தேர்வாளராகவும் இருந்து, கட்டணம் கட்டியவரைத் தேறவைத்துவிடும் ஆபத்தை எப்படித் தவிர்ப்பது, சான்று எத்தனை காலத்துக்குச் செல்லும், எப்போது புதுப்பிக்க வேண்டும் என்பவையெல்லாம் அதன் அக்கறைகள். சைக்கிள் தொழிலுக்கென்று எழுதப்பட்டதன்று என்றாலும், எந்தச் சான்றிதழையும் உரசிப் பார்க்க அந்தக் கேள்விகள் உதவும்.

நாடுகளிடையே வேறுபாடு பெரிது. ஒரு முனையில் ஜெர்மனி நிற்கிறது. அங்கே இது ஒரு முழுமையான கைத்தொழில். ‘சுவைராட்மெக்காட்ரோனிகர்’, அதாவது இருசக்கர வண்டி மெக்காட்ரானிக்ஸ் (இயந்திரவியலும் மின்னணுவியலும் சேர்ந்த துறை) தொழிலாளி என்ற பெயரில் மூன்றரை ஆண்டுப் பயிற்சி. சைக்கிள் ஒரு பிரிவு, மோட்டார் சைக்கிள் மற்றொரு பிரிவு. கடையில் சம்பளத்தோடு வேலை, தொழிற்பள்ளியில் பாடம் என்று இரண்டும் ஒருசேர நடக்கும். 2014 வரை அந்தத் தொழிலின் பெயரில் வெறும் ‘மெக்கானிக்’ என்றே இருந்தது. மின்மோட்டாரும் மின்னணுக் கருவிகளும் வண்டிக்குள் புகுந்துவிட்ட பிறகு பெயரையும் பாடத்திட்டத்தையும் மாற்றினார்கள். இவ்வளவு ஆழம் வேண்டாதவர்களுக்கு இரண்டு ஆண்டில் முடிகிற ‘ஃபாராட்மோன்டியர்’ என்ற சிறிய பயிற்சியும் உண்டு. அதற்கு மேலே ‘மைஸ்டர்’ என்ற ஆசான் நிலை இருக்கிறது. இருசக்கர வண்டிப் பட்டறையைக் கைத்தொழில் நிறுவனமாக நடத்த, பொதுவாக அந்த நிலையை எட்டியவர் ஒருவர் இருக்க வேண்டும் அல்லது விதிவிலக்குப் பெற வேண்டும். சைக்கிள் கடை வைக்க ஆசான் பட்டமா என்று சிரிப்பவர்கள் உண்டு. அந்த மூன்றரை ஆண்டில் பயிற்சி பெறுபவர் ஒருவரின் கை எத்தனை நூறு சக்கரங்களைக் கடந்து வருகிறது என்று எண்ணிப் பார்த்தவர்கள் சிரிப்பதில்லை.

ஜப்பானின் வழி வேறு. அங்கே கடை வைப்பதற்கு உரிமம் வேண்டியதில்லை. ஆனால் தகுதிபெற்ற மெக்கானிக் தொட்ட வண்டிக்கு ஒரு பயன் இருக்கும்படி செய்திருக்கிறார்கள். பதினெட்டு வயது நிரம்பி, இரண்டு ஆண்டு அனுபவமும் உள்ளவர்கள் எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் எழுதி ‘சைக்கிள் பாதுகாப்புப் பராமரிப்பாளர்’ என்ற தகுதியைப் பெறலாம். அவர் ஒரு சைக்கிளைச் சோதித்து, குறைகளைச் சரிசெய்து, ‘டி.எஸ். மார்க்’ என்ற ஒட்டுவில்லையை ஒட்டினால், அந்த வண்டிக்கு ஓராண்டு விபத்துக் காப்பீடு சேர்ந்தே வந்துவிடும். நான் அறிந்த ஏற்பாடுகளில் இது மிகவும் புத்திசாலித்தனமானது. சுவரில் மாட்டிய சான்றிதழை வாடிக்கையாளர் படிக்கமாட்டார். தன் வண்டிக்குக் காப்பீடு கிடைக்கிறது என்றால் அந்த மெக்கானிக்கைத் தேடி வருவார்.

இங்கிலாந்தில் கட்டாயம் எதுவும் இல்லை. ஆனால் சைக்கிள் வணிகர் சங்கம் முன்னின்று வளர்த்த ‘சைடெக்’ திட்டமும், ‘சிட்டி அண்டு கில்ட்ஸ்’ வழங்கும் தகுதிகளும் வேலை விளம்பரங்களில் பெயர் சொல்லிக் கேட்கப்படும் அளவுக்கு ஊன்றிவிட்டன. சைடெக் படிப்படியானது: கோட்பாடு மட்டும் உள்ள நிலை, வீட்டிலேயே பழுதுபார்ப்பவருக்கான நிலை, கடையில் வேலை செய்பவருக்கான நிலை, அதற்கு மேல் சஸ்பென்ஷன், சக்கரம் கட்டுதல் போன்ற கடினமான வேலைகளுக்கான நிலை. அமெரிக்காவில் நாடு தழுவிய ஒரே தகுதி என்று ஒன்று வேரூன்றவில்லை. அங்கே தனிப் பள்ளிகளின் பெயரே தகுதியாக நின்றது. ஓரிகன் மாநிலத்தின் ஆஷ்லண்டில் 1981-இல் தொடங்கப்பட்ட யுனைடெட் பைசைக்கிள் இன்ஸ்டிட்யூட்டும், கொலராடோவில் வளர்ந்த பார்னெட் பைசைக்கிள் இன்ஸ்டிட்யூட்டும் அப்படிப் பெயர்பெற்றவை. பந்தய மெக்கானிக்குகளுக்கு யு.எஸ்.ஏ. சைக்ளிங் அமைப்பு தனி உரிமம் வைத்திருக்கிறது; அது வேறு உலகம், உங்கள் கேள்விக்கு நேரடித் தொடர்பில்லாதது.

இனி, பயிற்சி உண்மையில் என்ன கற்றுக்கொடுக்கிறது என்பதற்கு வருகிறேன். ஐந்து ஆண்டு தானாகக் கற்றவருக்கு இதில் புதிதாக என்ன இருக்கப்போகிறது என்ற எண்ணம் உங்களுக்கு இருக்கலாம். எனக்கும் இருந்தது. ஏழு ஆண்டு பட்டறையில் இருந்துவிட்டு முதன்முதலாகத் தேர்வுக்குப் போனபோது நான் தோற்றது, மிகவும் நன்றாகத் தெரியும் என்று நம்பியிருந்த வேலையில்தான். முப்பத்திரண்டு ஸ்போக், மூன்று குறுக்கு முறை (ஒவ்வொரு ஸ்போக்கும் மற்ற மூன்றைக் கடந்து செல்வது), பின்சக்கரம் ஒன்றைக் கட்ட வேண்டும். ஸ்போக்குகளைக் கோத்து, கோட்டம் எடுத்து, ஸ்டாண்டில் சுற்றவிட்டால் பம்பரம் போல நின்று சுழன்றது. தேர்வாளர் ஒன்றும் பேசவில்லை. சக்கரத்தை எடுத்து, ரிம் நடுவில் நிற்கிறதா என்று பார்க்கும் வில் அளவியை ஒரு பக்கம் வைத்தார், திருப்பி மறுபக்கம் வைத்தார். அளவியின் முனைக்கும் ஹப்பின் (சக்கரத்தின் நடுக்குடத்தின்) லாக்நட்டுக்கும் நடுவே நான்கு மில்லிமீட்டர் இடைவெளி. அதாவது ரிம் நடுவிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் விலகியிருந்தது. அதுவரை நான் கட்டிய சக்கரங்களையெல்லாம் ஒரே பழைய ஃபிரேமில் மாட்டி, பிரேக் கட்டைகளுக்கு நடுவே ரிம் நிற்கிறதா என்று கண்ணால் பார்த்தே முடிவு செய்திருந்தேன். அந்த ஃபிரேமின் பின்பகுதியே கோணலாக இருந்திருக்கிறது. ஏழு ஆண்டு ஒரு கோணல் ஃபிரேமுக்குப் பொருத்தமான சக்கரங்களாகக் கட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

தானாகக் கற்பதில் உள்ள குறை இதுதான். கை பழகிவிடும், ஆனால் எதை அளவுகோலாக வைத்துப் பழகினோம் என்பது சோதிக்கப்படாமலே போய்விடும். நல்ல பயிற்சி உங்கள் கையை வெளியே உள்ள ஓர் அளவோடு பொருத்திக் காட்டுகிறது. முடுக்கு விசையை, அதாவது ஒரு போல்ட்டை எவ்வளவு இறுக்குவது என்பதை, எடுத்துக்கொள்ளுங்கள். ஷிமானோ நிறுவனத்தின் கேசட்டை (பின்சக்கரத்தின் பற்சக்கர அடுக்கை) இறுக்கிப் பிடிக்கும் லாக்ரிங்கில் நாற்பது நியூட்டன் மீட்டர் (முடுக்கு விசையின் அலகு) என்று அச்சிட்டே இருக்கும். ஆனாலும் பெரும்பாலோர் அதை அதைவிடக் குறைவாகவே முடுக்குவார்கள், ஏனென்றால் நாற்பது என்பது கைக்கு அச்சமூட்டும் அளவு. முடுக்க முடுக்க அந்த வளையம் ‘டர்ர்’ என்று கத்தும். மறுபக்கம், ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம்மின் சிறிய போல்ட்டுகளுக்குப் பெரும்பாலும் ஐந்து நியூட்டன் மீட்டர்தான் சொல்லப்பட்டிருக்கும். ஹேண்டில்பார் கார்பன் இழையால் ஆனதாக இருந்தால், அதைத் தாண்டி முடுக்குவது அன்றைக்கு எந்தக் குறையையும் காட்டாமல் சில மாதங்கள் கழித்து முறித்துப்போடும். பயிற்சியில் ஒரு வேடிக்கையான பாடம் உண்டு: முடுக்கு விசையைக் காட்டும் ஸ்பானரான டார்க் ரெஞ்சின் அளவைத் துணியால் மறைத்துவிட்டு, “உங்கள் கைக்கு ஐந்து என்று தோன்றும் வரை முடுக்குங்கள்” என்பார்கள். துணியை எடுத்துப் பார்த்தால் மூன்றும் இருக்கும், ஒன்பதும் இருக்கும். அந்த ஒன்பது வந்தவர் அதன் பிறகு டார்க் ரெஞ்ச் இல்லாமல் கார்பனைத் தொடமாட்டார்.

மரையின் கதையும் அப்படித்தான். இடது பெடலின் மரை இடப்புறமாகச் சுற்றினால்தான் ஏறும் என்பது எல்லோருக்கும் தெரியும். பிரிட்டிஷ் அளவு கொண்ட பாட்டம் பிராக்கெட்டில் (ஃபிரேமில் பெடல்களின் அச்சு சுழலும் பகுதியில்) வலப்பக்கக் கப்பு இடமரை என்பதும் பெரும்பாலோருக்குத் தெரியும். ஆனால் இத்தாலிய அளவில் இரு பக்கமும் வலமரை. ஓட்ட ஓட்ட வலப்பக்கக் கப்பு தானாகக் கழன்றுகொள்ளும் இயல்பு அதற்கு உண்டு என்பதையும், இரண்டையும் பார்வையால் பிரித்தறிவது எப்படி என்பதையும் யாராவது எடுத்துச் சொல்லாவிட்டால், ஒரு விலையுயர்ந்த பழைய ஃபிரேமின் மரையை அழித்த பிறகுதான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். வாடிக்கையாளரின் பொருளில் பாடம் கற்பது நியாயமன்று என்பதற்காகவே பயிற்சிப் பட்டறைகளில் வீணாய்ப்போன ஃபிரேம்களைக் குவித்து வைத்திருக்கிறார்கள்.

ஹைட்ராலிக் பிரேக்கில் தவறின் விலை இன்னும் அதிகம். ஷிமானோ, மகுரா பிரேக்குகளில் மினரல் ஆயில்; ஸ்ராம் நிறுவனத்தின் பிரேக்குகளில் நெடுங்காலமாக டாட் (DOT) வகைத் திரவம், அண்மையில் வந்த சில மாதிரிகளில் மினரல் ஆயில். ஆகவே நிறுவனத்தின் பெயரை மட்டும் பார்த்து ஊற்ற முடியாது. லீவரின் மூடியில் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும். ஒன்றுக்காகச் செய்த ரப்பர் சீலில் மற்றொன்று பட்டால் சீல் உப்பிப் பழுதாகும். டாட் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் எப்போதோ திறந்து வைத்த புட்டியைப் பயன்படுத்தக்கூடாது. பிரேக் டிஸ்க் தேய்ந்து மெலிவதும் கண்ணுக்குத் தெரியாது. ஷிமானோ டிஸ்க் புதிதில் 1.8 மில்லிமீட்டர் தடிமன், 1.5-க்கு வந்தால் மாற்ற வேண்டும். இந்த 0.3 மில்லிமீட்டர் வேறுபாட்டை அளவியை வைத்தே அறிய முடியும். செயினும் அப்படியே. பதினொன்று, பன்னிரண்டு கியர் வண்டிகளில் அரை விழுக்காடு நீண்டாலே மாற்றச் சொல்கிறோம். ஓரடி நீளச் செயினில் அது ஒன்றரை மில்லிமீட்டர்தான். அதை விட்டுவிட்டால் கேசட்டின் பற்களும் கூடவே தேய்ந்து, செலவு பல மடங்காகும்.

இவையெல்லாம் காணொளிகளிலும் கிடைக்கின்றனவே என்று கேட்கலாம். கிடைக்கின்றன; பல மிகவும் நன்றாகவும் இருக்கின்றன. பார்க் டூல் போன்ற கருவித் தயாரிப்பாளர்கள் வெளியிடும் பாடங்களை நான் இன்றும் பார்க்கிறேன். தயாரிப்பாளரின் கையேட்டைப் பிரித்துப் படிப்பதை எந்தச் சான்றிதழும் பதிலீடு செய்யாது. ஆனால் காணொளி உங்கள் கையைப் பார்க்காது. டெரெய்லர் ஹேங்கர் (பின் கியர் மாற்றியைத் தாங்கும் உலோகத் துண்டு) வளைந்திருக்கிறதா என்று அளவியை ரிம்மின் நான்கு புறமும் வைத்துப் பார்க்கும்போது, அளவியின் கைப்பிடி ஆட்டத்தையும் சேர்த்து அளந்துகொண்டிருக்கிறீர்கள் என்று பக்கத்தில் நிற்பவர்தான் சொல்ல முடியும். இணையவழிப் பாடம் கோட்பாட்டுக்குப் போதும், தேர்வுக்கு ஆயத்தமாகவும் போதும்; முடிவில் ஒருவர் நேரில் நின்று சோதிக்காத பாடத்தை நான் தகுதி என்று எண்ணமாட்டேன்.

தேர்வில் நான் மிகவும் மதிக்கும் பகுதி வேறு ஒன்று. நல்ல தேர்வாளர்கள் சோதனை வண்டியில் வேண்டுமென்றே குறைகளை வைப்பார்கள். தளர்ந்த ஹெட்செட் (ஹேண்டில்பார் திரும்ப உதவும் பேரிங்), தலைகீழாக மாட்டிய பிரேக் கட்டை, சுற்றுத் திசைக்கு எதிராகப் போட்ட டயர் போன்றவற்றைப் பெரும்பாலோர் கண்டுபிடித்துவிடுவார்கள். நான் தேர்வாளராக இருந்த ஒரு முறை, முன்ஃபோர்க்கின் தண்டில், ஸ்டெம்முக்குச் சற்றுக் கீழே, மயிரிழை போன்ற ஒரு விரிசல் உள்ள வண்டியை வைத்திருந்தோம். கியரை அருமையாகச் சரிசெய்து, செயினைத் துடைத்து, வண்டியைப் பளபளவென்று நிறுத்திய இளைஞர் அதைப் பார்க்கவில்லை. அவருக்கு அடுத்து வந்த பெண்மணி வேலையில் மெதுவானவர், கியர் சரியாக அமையவே அவருக்கு நேரம் போதவில்லை. ஆனால் அவர் தொடக்கத்திலேயே ஹெட்செட்டைப் பிரித்துத் தண்டைத் துணியால் துடைத்து, விரல் நகத்தால் தடவிப் பார்த்தார். பிறகு பணிச்சீட்டில், “ஃபோர்க்கில் விரிசல். மாற்றாமல் ஓட்டக்கூடாது. மற்ற வேலைகளை உரிமையாளரிடம் பேசிய பின்பே தொடர வேண்டும்” என்று எழுதி வைத்தார். கியர் முடியாமலே அவர் தேறினார். பளபளப்பான வண்டிக்காரர் மறுபடியும் வர வேண்டியிருந்தது. அவருக்கு அது நியாயமாகப் படவில்லை, முகத்தில் தெரிந்தது.

தயாரிப்பாளர் சான்றுகளுக்கு வருவோம். ஷிமானோ, ஸ்ராம், பாஷ் போன்றவை கடைகளுக்கெனத் தனிப் பயிற்சி நடத்துகின்றன; பல இணையவழியில் கட்டணமின்றியே கிடைக்கும், கடையில் வேலை செய்வதால் உங்களுக்கு அவற்றில் சேர வழி எளிது. இவற்றைத் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அவை அடித்தளமாகா. ஒரு நிறுவனம் தன் பொருளை எப்படி மாட்டுவது என்று சொல்லிக்கொடுக்குமே தவிர, எதிரில் உள்ள பிறர் பொருளோடு அது ஏன் ஒத்துப்போகவில்லை என்று சொல்லிக்கொடுப்பது அதன் வேலையன்று. கடைக்கு வருகிற வண்டிகளில் பாதி, மூன்று நிறுவனங்களின் பாகங்களைக் கலந்து கட்டியவையாகவே இருக்கும்.

மின்சைக்கிளில் மட்டும் நிலைமை வேறு. அங்கே தயாரிப்பாளரின் பயிற்சி இல்லாமல் பல வேலைகளைச் செய்யவே முடியாது. பழுதறியும் மென்பொருள் பயிற்சி முடித்த கடைகளுக்குத்தான் திறந்துவிடப்படுகிறது. இது நியாயமா, தனிக் கடைகளை நெருக்குகிற ஏற்பாடா என்ற வாதம் நடந்துகொண்டிருக்கிறது. இரண்டு தரப்பிலும் உண்மை இருக்கிறது என்றே நினைக்கிறேன். பேட்டரியைப் பொறுத்தவரை எனக்கு ஐயமே இல்லை. லித்தியம் பேட்டரியைத் திறந்து செல்களை மாற்றுவது சைக்கிள் மெக்கானிக்கின் வேலையன்று. மின்சைக்கிள் பேட்டரிகளால் தொடர்ந்து தீ விபத்துகளைக் கண்ட நியூயார்க் நகரம் 2023-இல், குறிப்பிட்ட பாதுகாப்புத் தரச் சான்று இல்லாத மின்சைக்கிள்களையும் பேட்டரிகளையும் விற்பதற்குத் தடை விதித்தது. பழைய செல்களைக் கோத்துப் புதுப்பித்த பேட்டரிகளை விற்பதையும் தடுத்தது. எனவே நீங்கள் சேரும் பயிற்சியில், சேதமடைந்த பேட்டரியை எப்படி அடையாளம் காண்பது, எங்கே வைப்பது, எப்போது தொடாமல் விடுவது என்பதற்குத் தனிப் பாடம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்தப் பாடத்திட்டம் பத்தாண்டு பின்தங்கியிருக்கிறது.

மெக்கானிக்கின் தீர்ப்பை நம்பியே பெரிய நிறுவனங்களும் நிற்கின்றன என்பதற்கு 2023 செப்டம்பரில் நடந்ததைச் சொல்லலாம். 2012 ஜூனுக்கும் 2019 ஜூனுக்கும் இடையே தயாரான, இரு பாதிகளைப் பசையால் ஒட்டிச் செய்யப்பட்ட ஒரு வகை ஷிமானோ கிராங்குகள் (பெடலைத் தாங்கும் கைகள்) ஒட்டுப் பிரிந்து முறியக்கூடும் என்பதால், அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 6,80,000 கிராங்குகள் சோதனைக்கு அழைக்கப்பட்டன. கவனிக்க வேண்டியது என்னவென்றால், எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றித் தரவில்லை. கடைக்குக் கொண்டுவந்தால் மெக்கானிக் சோதிப்பார், பிரிவதற்கான அறிகுறி தெரிந்தால் மட்டும் மாற்றித் தருவார்கள். அதாவது, ‘இது இன்னும் பாதுகாப்பானது’ என்று சொல்லி ஒருவரை வீட்டுக்கு அனுப்பும் பொறுப்பு பட்டறையில் நிற்பவர் தலையில் விழுந்தது. அப்படி ஒரு வேலை உங்களிடம் வரும்போது, எதைப் பார்த்தீர்கள், எந்த வழிமுறைப்படி பார்த்தீர்கள் என்று எழுதி வைக்கத் தெரிந்திருக்க வேண்டும். நாளை ஏதேனும் நேர்ந்தால் உங்களைக் காப்பது அந்த எழுத்துதான்.

சான்றிதழைக் கேட்பவர்கள் யார் என்ற கேள்விக்கும் இதுவே பதிலாகிறது. தெருவில் பஞ்சர் ஒட்ட வருகிறவர் கேட்கமாட்டார். பெரிய விற்பனைத் தொடர்கள், வாடகைச் சைக்கிள் நிறுவனங்கள், பொருள் விநியோகத்துக்கு நூற்றுக்கணக்கில் மின்சைக்கிள் ஓட்டுபவர்கள், பள்ளிகளுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தும் அமைப்புகள் ஆகியோர் கேட்பார்கள். காப்பீட்டு நிறுவனம் கேட்கும். நீங்கள் தனியாகவோ வண்டியில் சென்று பழுதுபார்ப்பவராகவோ தொழில் செய்ய எண்ணினால் பொறுப்புக் காப்பீடு இல்லாமல் தொடங்கக்கூடாது, அங்கே ஒரு தகுதிச் சான்றிதழ் பேச்சை எளிதாக்கும். அரசுகள் பழுதுபார்ப்புக்கு உதவித்தொகை கொடுக்கும்போது, எந்தக் கடைகளைச் சேர்ப்பது என்ற கேள்வியும் எழுகிறது. 2020-இல் இங்கிலாந்தில் ஐம்பது பவுண்டு சீட்டும், பிரான்சில் ஐம்பது யூரோ உதவியும் வந்தபோது கடைகளில் வண்டிகள் மலைபோலக் குவிந்ததையும், கைதேர்ந்த ஆட்கள் போதாமல் இத்தொழில் திணறியதையும் பார்த்தோம்.

உங்கள் நிலையில் இருப்பவர் என்ன செய்யலாம்? தொடக்கநிலைப் பாடத்தில் சேர வேண்டாம். ஐந்து ஆண்டு அனுபவத்துக்கு அது பணத்தையும் நேரத்தையும் வீணாக்கும். கடையில் வேலை செய்பவருக்கான இடைநிலைத் தகுதியைக் குறிவையுங்கள். பல அமைப்புகள் முன்னனுபவத்தைக் கணக்கில் எடுத்து, பாடத்தில் உட்காராமல் நேரடியாகத் தேர்வு எழுத அனுமதிக்கின்றன. அதற்கு உங்கள் வேலைக்கான ஆதாரம் வேண்டும். இன்றிலிருந்தே ஒரு பதிவேடு வைத்துக்கொள்ளுங்கள்: தேதி, வண்டியின் வகை, கண்ட குறை, செய்த வேலை, முடுக்கு விசை, மாற்றிய பாகம். இரண்டு வரி போதும். ஆறு மாதம் எழுதியபின் புரட்டிப் பார்த்தால், எந்த வேலையை நீங்கள் இதுவரை தொடவே இல்லை என்பது தெரிந்துவிடும். பெரும்பாலோருக்கு அது சஸ்பென்ஷன், சக்கரம் கட்டுதல், ஹப் கியர் (சக்கரக் குடத்துக்குள் இருக்கும் கியர்) ஆகிய மூன்றில் ஒன்றாகவே இருக்கும். பாடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அந்த வெற்றிடத்தை நிரப்பும் பாடத்தைத் தேடுங்கள்.

சேரும் முன் பயிற்சி நிறுவனத்திடம் சில கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். ஓர் ஆசிரியருக்கு எத்தனை பேர் என்பது முதல் கேள்வி. ஆளுக்கொரு வண்டித் தாங்கி இருக்கிறதா, அல்லது நால்வர் சேர்ந்து ஒரு வண்டியைச் சுற்றி நிற்பார்களா என்பதிலேயே பாதி தெரிந்துவிடும். செய்முறைத் தேர்வுக்குக் கால வரம்பு உண்டா, தேர்வாளர் உங்களுக்குப் பாடம் நடத்தியவரேதானா, கடந்த ஆண்டில் எவரேனும் தோற்றார்களா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு “எங்களிடம் எல்லோரும் தேறிவிடுவார்கள்” என்று பெருமையோடு பதில் வந்தால், வேறு இடம் பாருங்கள். சான்றுக்குக் காலவரம்பு இருந்தால் அதைக் குறையாக எண்ண வேண்டாம். பத்தாண்டுக்கு முன் கம்பி பிரேக்கில் தேறியவர் இன்றைய கம்பியில்லாக் கியரையும் ஹைட்ராலிக் பிரேக்கையும் அறிவார் என்று எந்தத் தாளும் உறுதி தர முடியாது.

செலவைப் பற்றி ஒன்று. கட்டணத்தை மட்டும் கணக்கிடாதீர்கள். அந்த இரண்டு மூன்று வாரம் இழக்கும் கூலி, பயணம், தங்கும் இடம் ஆகியவையே பல சமயம் கட்டணத்தை மிஞ்சிவிடும். கடை முதலாளியிடம் பேசிப் பாருங்கள். பயிற்சிச் செலவில் ஒரு பகுதியை ஏற்று, அதற்கு ஈடாகக் குறிப்பிட்ட காலம் தம்மிடம் வேலை செய்யக் கேட்பவர்கள் உண்டு. அது தவறான ஏற்பாடன்று; ஆனால் அந்தக் காலமும், இடையில் விலகினால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். நல்ல டார்க் ரெஞ்ச் ஒன்றையும், ரிம் நடுவில் நிற்கிறதா என்று பார்க்கும் வில் அளவியையும் பாடத்தில் சேரும் முன்பே சொந்தமாக வாங்கிவிடுங்கள். இதுவரை நீங்கள் கட்டிய சக்கரங்களில் ஒன்றை எடுத்து, இரண்டு பக்கமும் வைத்துப் பாருங்கள்.